கடைக்கு ஆள் எடுக்கும்போது...

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ நடந்து போகும்போது கடைக் கண்ணாடிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "விற்பனையாளர் தேவை. ஆண், பெண் இருபாலாரும் நேரில் வரவும்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். மூன்று மாதம் கழித்து அதே வழியாகப் போனால், அதே கண்ணாடியில் அதே தாள் மறுபடியும் இருக்கும். இடையில் ஒருவர் வந்து, வேலை செய்து, போயும் விட்டார் என்று அர்த்தம்.

முதலாளியைக் கேட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்பார். விலகிப்போன பிள்ளையைக் கேட்டால், "அந்தக் கடையில் மனிசர் வேலை செய்ய ஏலாது" என்று பதில் வரும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் எப்படித் தெரிவு செய்தார்கள் என்று விசாரித்தால் வியப்பாக இருக்கும். பத்து நிமிடப் பேச்சு. "எந்த ஊர்? எவ்வளவு படிச்சிருக்கிறீர்? முன்னே எங்கே நின்றீர்? சரி, நாளைக்கு வாரும்." அவ்வளவுதான்! ஒரு மூடை சீமெந்து வாங்கும்போது கட்டி பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற நாம், நமது வியாபாரத்தின் நல்ல பெயரையே கையில் கொடுக்கப்போகும் மனிதரை இப்படித்தான் எடுக்கிறோம்.

நீங்கள் ஒரு சிறு கடை வைத்திருப்பவராக இருக்கலாம். வேலை தேடும் பிள்ளையின் தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம். இந்த விஷயம் இருவருக்கும் பொருந்தும். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

உறவு பார்த்து எடுத்த காலம்

நமது பெரியவர்களுக்கு இந்தச் சிரமம் இருக்கவில்லை. சோனகத் தெருவில் இருந்து எழுந்து போய் ஹாட்வெயார், துணி, நகை, பாத்திரம், இறைச்சி என்று கடை நடத்தியவர்கள், கடைக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்றால் சகோதரியின் மகனையோ அடுத்த வீட்டுப் பிள்ளையையோ அழைத்துக்கொண்டார்கள். தமிழ் வணிகர்களிடமும் இதே வழக்கம்தான். காரைநகர், புங்குடுதீவு போன்ற ஊர்களில் இருந்து தெற்கே போய்க் கடை வைத்தவர்கள், தங்கள் ஊர்ப் பிள்ளைகளையே வரவழைத்து வேலை பழக்கினார்கள்.

வந்த பிள்ளை முதலில் கடை கூட்டுவான். தேநீர் வாங்கி வருவான். பிறகு சாமான் அடுக்குவான். பிறகு அளந்து கொடுப்பான். கடைசியாகத்தான் காசு லாச்சிக்கு அருகில் வருவான். அங்கே நேர்முகப் பரீட்சை என்று ஒன்று நடக்கவில்லை. அந்த நாலைந்து வருடங்களே பரீட்சையாக இருந்தன. பிள்ளை பிழை செய்தால் தகப்பனுக்குச் செய்தி போகும். குடும்பத்தின் மானமே பிணையாக நின்றது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்த ஏற்பாடு ஒரே பகலில் அறுந்து போனது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் அதிகம். கடைகள், சரக்கு, கணக்குப் புத்தகம் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். தமிழ் மக்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள்; எத்தனையோ பேர் திரும்பி வராமலே போனார்கள்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னும், போர் முடிந்த 2009இன் பின்னும் நம்மில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து கடை திறந்தார்கள். கடைத்தெரு அங்கேயே இருந்தது. ஆனால் "இவன் இன்னாரின் மகன், நம்பி எடுக்கலாம்" என்று சொல்லக்கூடிய அந்த வலைப்பின்னல் இல்லை. நமது பிள்ளைகள் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்து வாடிக்கையாளரை அவர்களுக்குத் தெரியாது. கடை வாசலில் வேலை கேட்டு நிற்கும் தமிழ்ப் பிள்ளையோ, முஸ்லிம் முதலாளி ஒருவரை முன்னே பார்த்திராத தலைமுறையைச் சேர்ந்தவர். இதே காலத்தில் ஏ9 வீதி வழியாகத் தென்னிலங்கை நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. வங்கி, லீசிங், காப்புறுதி, ரெலிபோன், சுப்பர் மார்க்கெட் என்று ஒவ்வொன்றும் விற்பனைக்கு ஆள் தேடின.

ஆக, இன்று முதலாளியும் அந்நியர், வேலை கேட்பவரும் அந்நியர். அந்நியர் ஒருவரை நியாயமாக எடைபோடுவது எப்படி என்பதே நம் முன் உள்ள கேள்வி.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

"ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்" என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். இதை அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஹொலிங்வேர்த் என்ற உளவியலாளர் 1922இல் எழுதிய விபரம் இது. அனுபவம் மிக்க 12 விற்பனை முகாமையாளர்கள், விற்பனை வேலைக்கு வந்த 57 பேரைத் தனித்தனியே பேட்டி கண்டு வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் உச்சியில் வைத்த அதே மனிதரை இன்னொருவர் அடிமட்டத்தில் வைத்திருந்தார்! எல்லோருமே அனுபவம் மிக்கவர்கள்தான்.

இன்னொரு நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. "வாய் உள்ள பிள்ளைதான் சாமான் விற்கும்" என்பது அது. அடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் 2013இல், தொலைபேசி வழியாக விற்பனை செய்யும் 340 பேரின் வருமானத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். மிகவும் கலகலப்பாகப் பேசுபவர்களும் முதலிடம் பெறவில்லை. மிகவும் ஒதுங்கி இருப்பவர்களும் பெறவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களே அதிகம் விற்றிருந்தார்கள். காரணம் எளிது. ஓயாமல் பேசுகிறவருக்கு வாடிக்கையாளர் சொல்வது காதில் விழுவதில்லை. நல்ல விற்பனையாளருக்கு வாய் மட்டும் போதாது, காதும் வேண்டும்.

அப்படியானால் எதை நம்பலாம்? ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள், 85 ஆண்டு கால ஆய்வுகளைத் திரட்டி 1998இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளை மதிப்பிடுவதால் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எத்தனை வருடம் படித்தார் என்பதும் அதிகம் சொல்வதில்லை. வேலையின் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் புள்ளி போடுவதும் முன்வரிசையில் நின்றன. 2022இல் வேறு ஆய்வாளர்கள் இந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தபோதும், ஒழுங்குபடுத்திய நேர்முகப் பரீட்சையே முதலிடத்தில் இருந்தது.

இவை பெரிய கம்பனிகளுக்குத்தான் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். இரண்டு பேர் நிற்கும் கடையிலும் இவற்றைச் செய்யலாம். காசும் செலவாகாது.

செய்து காட்டச் சொல்லுங்கள்

துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் ஒருவரையோ தெரிந்த ஒருவரையோ வாடிக்கையாளராக வரச் சொல்லுங்கள். யன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும், கையில் காசு அதிகம் இல்லை. வேலைக்கு வந்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உடனே விலை கூடிய துணியை எடுத்து விரிக்கிறாரா? அல்லது "எத்தனை யன்னல்? அளவு கொண்டு வந்தீர்களா?" என்று கேட்கிறாரா? கேட்பவருக்கு முதற்புள்ளி.

மீற்றர் 480 ரூபாய்த் துணியில் மூன்றே முக்கால் மீற்றர், அதில் நூற்றுக்கு 5 கழிவு. 2,000 ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? தாளும் பேனையும் கொடுங்கள். 1,800 என்று பெருக்கி, 90 கழித்து, 1,710 எடுத்துக்கொண்டு, 290 திருப்பிக் கொடுக்கிறாரா பாருங்கள். கொஞ்சம் தாமதமாகலாம், பரவாயில்லை. அவசரத்தில் பிழைவிடுவதுதான் கடைக்கு நட்டம்.

ஹாட்வெயார் கடையென்றால் இப்படிக் கேளுங்கள்: "பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரம் பத்தடி. எவ்வளவு பெயின்ற் வேண்டும்?" சுவர்களின் பரப்பு 440 சதுர அடி என்று கணக்கிடுபவர் நல்லவர். அதற்கு மேல், "புதுச் சுவரா, பழைய சுவரா? எத்தனை பூச்சு? கதவு யன்னல் எத்தனை?" என்று திருப்பிக் கேட்பவரை விட்டுவிடாதீர்கள். பெயின்ற் பற்றி அவருக்கு இன்று ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதைப் பழக்கிவிடலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணத்தைப் பழக்குவது கடினம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. வாடிக்கையாளராக நிற்பவர், "தம்பி, இது தோய்த்தால் சாயம் போகுமா?" என்று கேட்கட்டும். புதிதாக வந்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. "போகவே போகாது அக்கா, எங்கள் கடைச் சாமான்!" என்று சொன்னால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அன்றைக்கு அந்தத் துணி விற்றும் விடும். "எனக்குச் சரியாகத் தெரியாது, முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் பிள்ளை கெட்டிக்காரன் இல்லையோ என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் சிறிய ஊர். சாயம் போன துணியின் கதை நெல்லியடிச் சந்தைக்கும் சாவகச்சேரிச் சந்தைக்கும் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்து, விட்ட நம்பிக்கையை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒவ்வொரு முழமாகச் சேர்க்கிறவர்கள் நாம். அதை ஒரு பொய்யில் கொடுத்துவிட முடியுமா?

இப்படி ஒரு பிள்ளையை அரை நாள், ஒரு நாள் நிறுத்திப் பார்த்தால் அதற்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும்.

ஒரே கேள்வி, எல்லோருக்கும்

நேர்முகப் பரீட்சைக்கு முன் ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரும் எல்லோரிடமும் அதே ஒழுங்கில் அவற்றையே கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அந்த இடத்திலேயே ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி போடுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொண்டு அவரும் தனியாகப் போடட்டும். எல்லோரும் போன பிறகு இருவரும் ஒப்பிடுங்கள். மாலையில் மனதில் நிற்பது கடைசியாக வந்தவரின் முகம் மட்டுமே என்ற தொல்லை இதனால் நீங்கும்.

"கோபக்காரர் ஒருவர் வந்தால் என்ன செய்வீர்?" என்று கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள். "கோபத்தோடு வந்த ஒருவரை எப்போதாவது சமாளித்திருக்கிறீரா? என்ன நடந்தது?" என்று கேளுங்கள். முன்னே வேலை செய்யாதவரிடமும் இதைக் கேட்கலாம். திருநெல்வேலிச் சந்தைக்குத் தகப்பனோடு வெங்காயம் கொண்டு போயிருப்பார். விளையாட்டுக் கழகத்துக்குக் காசு சேர்த்திருப்பார். வீட்டில் தையல் வேலை எடுத்துச் செய்யும் தாய்க்கு ஓடர் பிடித்துக் கொடுத்திருப்பார். சான்றிதழில் இல்லாத அனுபவம் அங்கேதான் இருக்கிறது.

கேட்க வேண்டாத கேள்வியும் ஒன்று உண்டு. "ஆற்றை பிள்ளை?" என்பது யாழ்ப்பாணத்தில் சாதாரணமாகக் கேட்கப்படும். அன்பாகவும் கேட்பார்கள். ஆனால் ஊரும் பேரும் கேட்டு, சாதியை அளந்து, அதற்கேற்ப ஆளை நிறுத்துவதும் அந்தக் கேள்வியால்தான் நடந்து வந்திருக்கிறது. நம்மிடமும் குறை இல்லாமல் இல்லை. "புத்தளத்துப் பிள்ளையா, இங்கத்தைய பிள்ளையா" என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்ற காரணத்துக்காகவே ஒரு நாள் வீட்டை விட்டு அனுப்பப்பட்டவர்கள் நாம். பிறப்பை வைத்து ஆளை அளப்பதன் வேதனை நமக்குத் தெரியாதா?

அதேபோல, "கலியாணம் எப்போது?" என்று பெண் பிள்ளைகளைக் கேட்காதீர்கள். போருக்குப் பின் எத்தனையோ வீடுகளில் உழைப்பவர் பெண்தான். கடை எத்தனை மணிக்குச் சாத்தும், இரவில் வீடு போய்ச் சேர பஸ் இருக்கிறதா என்பதைப் பேசுங்கள். அதுதான் அவருக்கும் உங்களுக்கும் தேவையான பேச்சு.

விசாரித்துப் பார்த்தல்

கிராம அலுவலரின் நற்சான்றிதழைக் கொண்டு வரச் சொல்வது நமது வழக்கம். அது நல்லதுதான். ஆனால் விற்பனைத் திறமையை அது சொல்லாது. முன்னைய முதலாளியோடு பேசுங்கள். "பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். "மறுபடி வந்தால் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள். குறை சொன்னால் அந்தப் பிள்ளையின் பக்கத்தையும் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. மக்காவில் வணிகம் செய்த அவர்கள், இளைஞராக இருந்த முஹம்மத் (ஸல்) அவர்களின் நேர்மையை முதலில் பிறர் வாயால் கேள்விப்பட்டார்கள். பிறகு சிரியாவுக்குப் போகும் சரக்கை ஒப்படைத்தார்கள். கூடவே மைசரா என்ற பணியாளரையும் அனுப்பி, திரும்பி வந்தபின் அவர் கண்டதைக் கேட்டறிந்தார்கள். விசாரணை, வேலை கொடுத்துப் பார்த்தல், கூட இருந்தவரின் சாட்சி என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நாம் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்!

முதலாளிக்கும் பரீட்சை உண்டு

இதுவரை வேலை கேட்பவரை எடைபோடுவது பற்றிப் பேசினோம். அவரும் உங்களை எடைபோடுகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமுமே சாதாரண வேலை நேரம். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பதும் கடமை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12, ஊழியர் 8 செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 செலுத்த வேண்டும். "பழகும் காலம்தானே" என்று இதைத் தள்ளிப்போட முடியாது, முதல் நாளில் இருந்தே இது உரியது. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் மாதாந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபாய். வேலைக்கு எடுக்கக்கூடிய வயது 2021இல் 14இல் இருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அந்தக் காலத்தைப் போலச் சிறு பிள்ளையைக் கடை கூட்ட அழைக்க இன்று இடமில்லை, அது நல்லதும்தான். தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்த வேண்டி வந்தது. சட்டம் சொல்லும்வரை காத்திராமல் நாமே ஒரு கதிரை போடக் கூடாதா?

சம்பளம் கொடுக்கும் விதமும் ஆளை மாற்றும். "விற்றால்தான் காசு" என்று கொமிஷனை மட்டும் காட்டினால், நல்ல பிள்ளையும் பொய் சொல்லப் பழகும். போருக்குப் பின் வடக்கில் நுண்கடன் விற்ற கதையை நாம் கண்டோம். இலக்கை எட்டுவதற்காக, கட்ட முடியாத பெண்களுக்குக் கடனுக்கு மேல் கடன் தலையில் கட்டப்பட்டது. வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்காக 2018இல் அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வீடு வீடாகப் போனவர்களும் நமது பிள்ளைகள்தான். விற்கத் தெரிந்தவர்களைத் தேடி எடுத்தார்கள்; "இவருக்கு இதை விற்கக் கூடாது" என்று சொல்லத் தெரிந்தவர்களை யாரும் தேடவில்லை. ஆகவே நிலையான சம்பளம் கொடுங்கள். அதற்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்தால், திரும்பி வந்த சாமானையும் வராக் கடனையும் கழித்தே கணக்கிடுங்கள்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அரசாங்க வேலைதான் வேலை என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் ஆழமாக ஊறியது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து போராடியதைப் பார்த்தோம். அந்தக் கோரிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் நிற்பது தோற்றவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். மனிதரை விளங்கிக்கொள்ளவும், கணக்குப் பார்க்கவும், சரக்கை அறியவும் அங்கே கற்கலாம். நமது பெரிய வியாபாரிகள் பலர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்துதான் எழுந்தார்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு முறை வாடிக்கையாளராகப் போய் அங்கே நின்று பாருங்கள். ஊழியரோடு முதலாளி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். சம்பளம், நேரம், சேமலாப நிதி மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அசல் சான்றிதழையோ அடையாள அட்டையையோ பிணையாகக் கேட்டால் பிரதியை மட்டும் கொடுங்கள். விடுமுறைக்கு வரும் தென்னிலங்கையரோடு பேசக் கொஞ்சம் சிங்களம் பழகிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்காதீர்கள். அதற்காக உங்களை வேண்டாம் என்று சொல்லும் கடை, உங்களுக்கும் வேண்டாத கடைதான்.

வாசகர்களே! உறவு பார்த்து ஆள் எடுத்த காலம் இனித் திரும்பாது. அதில் நல்லதும் இருந்தது. மற்றவர்களுக்குக் கதவு சாத்தியிருந்த குறையும் இருந்தது. இன்று சோனகத் தெருப் பிள்ளை தமிழ் முதலாளியின் கடையில் நிற்கலாம். சுன்னாகத்துப் பிள்ளை நமது கடையில் நிற்கலாம். ஒரே மேசைக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து நின்று, வருபவருக்கு உண்மையைச் சொல்லி ஒரு முழத் துணி அளந்து கொடுத்தால், அறுந்துபோன ஏதோ ஒன்றை அங்கே மறுபடி தைக்கிறோம்.

அடுத்த முறை அந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டுமுன், ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாள் பழுக்குமுன் அதைக் கழற்ற வேண்டி வரும். மறுபடி ஒட்ட வேண்டி வராது, இன்ஷா அல்லாஹ்.